தண்ணீர் வருவதற்குள்

மே 14

கொல்லையில் தார் வெட்டிய வாழை நாலு சாய்ந்து கிடந்தது. படம் போடத் தாளை நானே செய்து பார்க்கலாம் என்று மட்டையை உரித்து, கத்தியின் முதுகால் சீவினேன். காலை முழுக்க உட்கார்ந்ததற்குக் கிடைத்தது ஒரு கைப்பிடி நார். கை, புடவை, திண்ணை எல்லாம் வாழைக்கறை. நல்ல பழுப்பு, துவைத்தாலும் போகவில்லை. இதையே சாயமாக வைத்துக்கொள்ளலாமா என்று ஓவிய மாஸ்டரைக் கேட்க வேண்டும்.

அம்மா இரண்டு இட்லி சாப்பிட்டாள்.

மே 15

நாரை அங்குலத் துண்டுகளாக நறுக்கிச் சலவைச் சோடா போட்டு விறகடுப்பில் நாலு மணி நேரம் வேகவைத்தேன். விரலால் நசுக்கினால் பிரிய வேண்டும். பிரிந்தது. சோடாவுக்கு அலுமினியம் ஆகாது என்பது மட்டும் குண்டான் கறுத்த பிறகுதான் தெரிந்தது.

மே 16

நார் சுற்றிக்கொண்டு மிக்சி புகைந்துவிட்டது. அண்ணியிடம் இன்னும் சொல்லவில்லை.

மே 18

உரலில் போட்டு இடித்தேன். தோள்பட்டை கழன்றுவிட்டது. நார் மட்டும் போட்டால் தாள் முரடாக வரும் என்றார் மாஸ்டர். அதனால் அப்பாவின் கணக்கு நோட்டுகளில் எழுதாத பக்கங்களைக் கிழித்து ஊறவைத்துச் சேர்த்தேன். மரச்சட்டத்தில் கொசுவலையை இழுத்து ஆணியடித்திருக்கிறேன். தொட்டியில் முக்கி, மட்டமாகத் தூக்கி, வழியும்போதே முன்னும் பின்னும் ஒரு ஆட்டு, இடமும் வலமும் ஒரு ஆட்டு. அந்த ஆட்டலில்தான் நார் ஒன்றோடொன்று பின்னுகிறது. எனக்கு ஒரு பக்கம் தோசை, மறுபக்கம் ஓட்டை.

பதினோரு தடவை தூக்கியதில் நாலு தேறியது. ஈர வேட்டிக்கு நடுவில் வைத்து, மேலே அம்மிக்கல்.

மே 19

கொல்லைச் சுவரில் ஒட்டிக் காயவைத்தேன். அம்மாவை ஜன்னல் ஓரம் உட்காரவைத்தபோது பார்த்துவிட்டாள்.

“என்னடி, வறட்டி தட்டியிருக்கே?”

ஒரு வாரத்தில் அவள் சிரித்தது இன்றைக்குத்தான்.

மே 20

கத்திரி வெயில். நாலும் அப்பளம் மாதிரி சுருண்டு, தானே கழன்று விழுந்து கிடந்தன. நிழலில் காயவைக்க வேண்டுமாம். முதலிலேயே சொல்லியிருக்கலாம் இல்லையா மாஸ்டர்.

மே 23

இரண்டாம் ஈடு, ஆறு தாள். நிழலில் காய்ந்தது, ஓரளவு தட்டை. ஆசை ஆசையாக மசியில் ஆற்றின் எதிர்க்கரைக் கோட்டை இழுத்தேன். இழுத்த உடனே கோடு கம்பளிப்பூச்சி ஆகிவிட்டது. நாலா பக்கமும் மயிர் முளைத்தது.

மாஸ்டர் தாளின் ஓரத்தை நாக்கில் வைத்துப் பார்த்தார். “கஞ்சி போடாத வேட்டிம்மா இது. உறிஞ்சத்தான் செய்யும்.”

சாதக் கஞ்சி போட்டால் மசி நிற்கும், ஆனால் பூச்சி வரும். பலகைப் படம் போடுகிறவர்கள் புளியங்கொட்டைப் பசையைத்தான் நம்புவார்களாம். பலாப்பலகை, அதன்மேல் துணி, அதை ஒட்டப் புளியங்கொட்டைப் பசை, அப்புறம் சுக்கான் பொடிப் பூச்சு. காயவைத்து, வழுவழுப்பான கல்லால் தேய்த்து, மறுபடி பூச்சு. படம் ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே பாதி நாள் போய்விடும். அவர் இளவயதில் இரண்டு வருடம் தேய்ப்பு வேலை மட்டும் பார்த்தாராம். தூரிகையைத் தொடவிடவில்லையாம். அதைப் பெருமையாகச் சொல்கிறாரா, குறையாகச் சொல்கிறாரா, புரியவில்லை.

கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி ஊறவைத்திருக்கிறேன். பசையில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட வேண்டும், பூச்சி அண்டாது. விஷம். அம்மாவின் மருந்து இருக்கும் பக்கம் கொண்டுபோகக் கூடாது.

மே 26

தஞ்சாவூர். டோக்கன் 43. டாக்டர் அண்ணனை மட்டும் உள்ளே கூப்பிட்டார். டோக்கன் சீட்டின் பின்பக்கம் எதிர்க்கரையை நினைவிலிருந்து வரைந்து பார்த்தேன். தென்னை எத்தனை என்று தெரியவில்லை. தினமும் பார்க்கிறேன், எண்ணியதே இல்லை.

திரும்பி வரும்போது அண்ணன் அசோகா அல்வா வாங்கினான். அம்மா விரல் நுனியில் எடுத்து வாயில் வைத்தாள். “நெய் சரியில்லை” என்றாள்.

மே 28

கத்திரி முடிந்ததாம். எங்கே முடிந்தது?

மே 30

படித்துறையில் உட்கார்ந்தால் தெற்கே பார்க்கிறேன். தென்னை, அதன் கீழே வாழை, அதற்கும் கீழே மண்சரிவு. காலை ஏழு மணி வரை மூன்றும் சேர்ந்து ஒரே கோடு. அப்புறம் வெயில் ஏற ஏறத் தனித்தனியாகப் பிரியும். உச்சியில் மணல் வெளுத்து எரியும்போது கோடே இருக்காது, தென்னை மட்டைகள் அந்தரத்தில் ஆடும். சாயங்காலம் வலப்பக்கத்திலிருந்து வெளிச்சம் வரும்போது மணலில் இருக்கும் ஒவ்வொரு காலடிக்கும் ஒரு ஊதா நிழல். மாடு, நாய், பையன்கள், சைக்கிள். ஆற்றில் தண்ணீர் இல்லாதபோதுதான் இத்தனை பேர் ஆற்றில் நடக்கிறார்கள்.

நான் மஞ்சள் டியூபை எடுத்தேன். மாஸ்டர் கையிலிருந்து பிடுங்கிவிட்டார். “மணல் மஞ்சள்னு யார் சொன்னா? போய் ஒரு கை அள்ளிட்டு வா.” அள்ளி வந்தேன். வெள்ளைத் தட்டில் கொட்டிப் பார்த்தால் சாம்பல். கொஞ்சம் ரோஜா நிறம். மினுக்கும் கறுப்புத் துகள். மஞ்சள் எங்கேயுமே இல்லை. இத்தனை வருஷம் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்?

இந்த மணலைத் தண்ணீர் வருவதற்குள் போட்டாக வேண்டும். மேட்டூர் நீர்மட்டத்தைத் தினமும் பேப்பரில் பார்க்கிறேன். முன்பெல்லாம் அப்பா பார்ப்பார்.

ஜூன் 1

இரவு அம்மா மூன்று தடவை எழுந்தாள்.

ஜூன் 3

புளியங்குச்சிகளைத் தகர டப்பாவில் அடைத்து, மூடியில் ஓட்டை போட்டு அடுப்பில் வைத்தேன். புகை நின்றதும் எடுத்தால் அருமையான கரி. தேங்காய்ச் சிரட்டைக் கரி தாளைக் கீறுகிறது, இது பூனை மாதிரி நடக்கிறது. புளியிலிருந்தே பசை, புளியிலிருந்தே கரி. ரசம் வேறு.

கரிக் கோட்டின் மேல் நேராக அக்ரிலிக் போட்டுவிட்டேன். எல்லாம் கலந்து சேறு. கரியை முதலில் நிலைநிறுத்தணுமாம். பாதித் தாள் பாழ்.

ஜூன் 4

நேற்று பாழான தாளில் மேல் மூலை தப்பியிருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே பொதிந்து ஏதோ தெரிகிறது. அப்பாவின் கையெழுத்து. ‘யூரியா 2’. எழுதாத பக்கம் என்றுதான் கிழித்தேன். சரியாக வானம் வர வேண்டிய இடம்.

அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுப் பார்த்தாள். “உரக்கடைக் கணக்கு. அதுக்கு இன்னும் பாக்கி இருக்குன்னு நினைக்கிறேன்.”

ஜூன் 6

மணலைச் சலித்துக் கழுவிக் காயவைத்து, ஃபெவிகாலில் குழைத்து அப்பினேன். காலையில் பார்த்தால் வயல் வெடிப்பு மாதிரி வெடிப்பு. வளைகிற தாளில் மணல் நிற்காது, முதலில் தாளைப் பலகையில் ஒட்டிவிட வேண்டும். ஒரு துண்டு உதிர்ந்த இடத்தில் முன்பு தேய்த்த வாழைக்கறை தெரிந்தது. அந்த ஒரு இடம்தான் ஆறு மாதிரி இருக்கிறது!

மாஸ்டர் பெரிய கோயில் கதையை எடுத்துவிட்டார். உட்சுற்றில் நாயக்கர் காலத்து ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை எஸ். கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தது 1931-இல். அதுவரை நாயக்கர் பூச்சு மட்டும்தான் தெரிந்ததாம். “உன் பூச்சு ஒரு ராத்திரியிலே உதிர்ந்துடுச்சு, உனக்குக் கவலையில்லை” என்றார்.

ஜூன் 8

புதுச்சேரி ஆசிரமத்துக் கைத்தாள் ஒரு கட்டு பெட்டிக்குள் இருக்கிறது. பருத்தித் துணியில் செய்தது. அதில் போட்டிருந்தால் எப்போதோ முடித்திருப்பேன். பிரிக்கவில்லை.

ஆடிப் பதினெட்டுக்கு இன்னும் எத்தனை நாள் என்று அம்மா கேட்டாள். எண்ணிச் சொன்னேன். “அத்தனை நாளா” என்றாள்.

ஜூன் 9

ஒன்றும் செய்யவில்லை.

ஜூன் 12

மேட்டூர் திறந்தார்கள். டிவியில் பார்த்தோம். அம்மா தூங்கிவிட்டாள், நான் சத்தத்தைக் குறைத்துவிட்டு மதகையே பார்த்துக்கொண்டிருந்தேன். கல்லணைக்கு மூன்று நாள். அப்புறம் இங்கே.

ஜூன் 14

‘யூரியா 2’ தாளைப் பலகையில் ஒட்டியாயிற்று. வாழைக்கறை, கரி, அதன்மேல் பசைத்தண்ணீர், மசி, கீழ்ப்பாதியில் மட்டும் மெல்லிய மணல். வெடிக்கவில்லை. கோடு இன்னும் சரியாக வரவில்லை. தென்னை இருபத்தி மூன்று. எண்ணிவிட்டேன். எண்ணியதால் ஒரு பிரயோசனமும் இல்லை.

மாஸ்டர் வெகுநேரம் பார்த்தார். “வானத்திலே கை வைக்காதே” என்று மட்டும் சொன்னார்.

ஜூன் 17

வந்துவிட்டது. முதலில் சத்தம் இல்லை, நாக்கு மாதிரி ஒரு ஈரம், நுரையும் சருகும் பிளாஸ்டிக்கும் தள்ளிக்கொண்டு. பையன்கள் அதற்கு முன்னால் ஓடினார்கள். காலடி நிழல்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. பெண்கள் பூப் போட்டார்கள். நான் சட்டப்பலகையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சொம்பில் மொண்டு வந்தேன். அம்மா எட்டிப் பார்த்தாள்.

“கலங்கலா இருக்கே. தெளியட்டும், வை.”

கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறேன்.

ஜூன் 18

அண்ணன் கார் எடுத்து வருகிறான். சுவரில் இரண்டு தாள் இன்னும் ஈரமாக இருக்கிறது. பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லியிருக்கிறேன், வெயில் திரும்பினால்