டெக்கார்ட் முதல் கான்ட் வரை: தத்துவ ஆய்வுக்கு வர நினைக்கும் குமரித் தம்பி தங்கைகளுக்கு

முதல் தடவை நெட் (கல்லூரி ஆசிரியர் தகுதிக்கும் ஆய்வு உதவித்தொகைக்குமான தேசியத் தேர்வு) எழுதும்போது கைடு மட்டும்தான் படித்தேன். ஐரோப்பியத் தத்துவவாதிகளில் டெக்கார்ட்டுக்கு ஒரு வரி, ஸ்பினோசாவுக்கு ஒரு வரி, ஹியூமுக்கு ஒரு வரி. தேறவில்லை.

அப்புறம்தான் டெக்கார்ட்டின் 'தியானங்கள்' நூலை (1641) கையில் எடுத்தேன். இரணியலில் ரயில் ஏறித் திருவனந்தபுரம் போய்ச் சேரும்வரை இரண்டு பக்கம், அவ்வளவுதான். தமிழ் வழியில் படித்த எனக்கு அந்த வேகம்தான் சரிப்பட்டது. இரண்டாம் தியானத்தில் 'நான் சிந்திக்கிறேன், ஆகவே இருக்கிறேன்' என்ற வரியைத் தேடினேன். இல்லை! 'நான் இருக்கிறேன்' என்று சொல்லும்போதும் நினைக்கும்போதும் அது உண்மை என்றுதான் இருக்கிறது. கைடில் உள்ள வாக்கியம் அவருடைய வேறு நூல்களில் வருவது. அன்றைக்கு வந்த சந்தோஷத்தில்தான் ஆய்வுக்குப் போவது என்று முடிவு செய்தேன்.

மூல நூலோடு கடிதங்களையும் படியுங்கள். 1643 மே மாதம் பொஹீமியா இளவரசி எலிசபெத் டெக்கார்ட்டுக்கு எழுதுகிறார். வயது 24. உடல் இல்லாத ஆன்மா எப்படி உடலை அசைக்கும் என்று கேட்கிறார். டெக்கார்ட்டின் பதில் அவருக்குப் போதவில்லை, திரும்பவும் கேட்கிறார். என் ஆய்வேடு முழுக்க அந்தக் கேள்வியைப் பற்றியதுதான்.

லத்தீன் கட்டாயம் வேண்டும். ஸ்பினோசாவை மொழிபெயர்ப்பில் மட்டும் படித்து ஆய்வு செய்ய முடியாது. நான் எழுத்துக்கூட்டிப் பழகியது தக்கலைக்குப் பக்கத்தில் உதயகிரிக் கோட்டையில். குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாயின் கல்லறை அங்கே இருக்கிறது, கல்லில் லத்தீனும் தமிழும். 'ஹிக் யாகெட்', இங்கே கிடக்கிறார். விரலால் தடவித் தடவி வாசித்த அந்த இரண்டு சொல்லும் இன்னும் மறக்கவில்லை.

நெட் தேர்வு பற்றி: இரண்டு தாளும் சேர்த்து 150 கேள்வி, 300 மதிப்பெண், 3 மணி நேரம். தப்புக்கு மைனஸ் கிடையாது, ஒன்றையும் விடாதீர்கள். ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய். வீட்டில் கையேந்தாமல் படிக்கலாம்.

வேலை சீக்கிரம் கிடைக்காது. தமிழ்நாட்டில் தத்துவத் துறை உள்ள கல்லூரிகளே குறைவு. இதை வீட்டில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நான் சொல்லாமல் விட்டேன், அப்பா மூன்று வருஷம் ஒவ்வொரு மாதமும் "ஆர்டர் வந்துச்சா மக்களே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.