தண்ணி எங்க நிக்குது?

அந்தப் படிவத்தில் எனக்குப் பிடித்த கேள்வி ஒன்றுதான் இருந்தது. ‘படகு ஓட்டிய அனுபவம் உண்டா?’ பேனாவை அழுத்திப் பிடித்து ‘உண்டு, 16 வருடம்’ என்று எழுதிக் கொடுத்தேன். கயாக் என்கிற ஒடுக்கமான படகை ஓட்டச் சொல்லிக் கொடுக்க வந்த பையனுக்கு இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதிருக்கும். வாங்கிப் பார்த்து முகம் மலர்ந்தான். “என்ன படகு, அங்கிள்?” என்றான். பரிசல் என்று சொன்னேன். புரியவில்லை. படிவத்தின் பின்பக்கம் ஒரு வட்டம் போட்டு, உள்ளே துடுப்போடு ஒரு ஆளை வரைந்து காட்டினேன். “கூடையா?” என்றான். ஆமாம், மூங்கில் கூடைதான். “சான்றிதழ் ஏதாவது?” இல்லை. அவன் பணிவாகத்தான் நடந்துகொண்டான். நான் எழுதியதன் மேல் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் ‘இல்லை’ என்று எழுதினான்.

சிங்கப்பூர் வந்து அப்போது பத்து வருடம் ஆகியிருந்தது. 2008-இல் கப்பல் பட்டறை வேலைக்கு வந்தவன். இதைவிடப் பெரிய சொல்லையெல்லாம் கேட்டுக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போயிருக்கிறேன். ஆனால் அந்த ‘இல்லை’ ஒரு வாரம் நெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தது. என்னை இல்லை என்று சொல்லியிருந்தால் பரவாயில்லை. அப்பாவை இல்லை என்று சொன்னது மாதிரி இருந்தது.

எங்கள் ஊர் பண்ணவாடிக்குப் பக்கம், மேட்டூர் அணையின் நீர்ப்பிடிப்பு ஓரம். 1934-இல் அணை கட்டி முடித்தபோது பழைய ஊர்கள் தண்ணீருக்குள் போய்விட்டன. கோடையில் நீர்மட்டம் இறங்கினால் பண்ணவாடியில் பழைய கோயில் நந்தியும் தேவாலயத்தின் கோபுரமும் வெளியே தலைகாட்டும். எதிர்க்கரை நாகமரை, தர்மபுரி மாவட்டம். பரிசலில் கண்ணுக்கெதிரே இருக்கிற ஊர், சாலை வழியாகப் போனால் அரை நாளைத் தின்றுவிடும். அப்பா காலையில் வலை எடுப்பார், மற்ற நேரம் ஆள் கடத்துவார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், வாத்தியார், சோள மூட்டை, ஆடு, ஒருமுறை கல்யாணத்துக்குப் போன நாதஸ்வரக்காரர்கள் எல்லாரும் அந்த வட்டத்துக்குள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அக்கரை போனார்கள்.

பரிசலுக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. பக்கவாட்டில் துடுப்புப் போட்டால் செக்கு மாதிரி நின்ற இடத்திலேயே சுற்றும். போகிற திசையைப் பார்த்து உட்கார்ந்து, தண்ணீரை முன்னாலிருந்து நம்மை நோக்கி வாரி இழுக்க வேண்டும். இழுத்து முடிக்கிற இடத்தில் மணிக்கட்டைக் கொஞ்சம் திருப்ப வேண்டும். அந்தத் திருப்பலில்தான் எல்லாம் இருக்கிறது. அப்பா அதை எனக்கு வாயால் சொன்னதே இல்லை. என் கைமேல் தன் கையை வைத்து இரண்டு நாள் ஓட்டினார், மூன்றாம் நாள் கையை எடுத்துவிட்டார்.

கயாக்கில் உட்கார்ந்ததும் என் கை அந்தப் பழைய வேலையைத்தான் செய்தது. முன்னால் துடுப்பை நீட்டி வாரினேன். படகு மூக்கைத் திருப்பிக்கொண்டு கரையோரப் புல்லுக்குள் போனது. இரண்டு பக்கமும் இலை வைத்த துடுப்பு, வலது ஒன்று, இடது ஒன்று, தோளோடு இடுப்பையும் திருப்பித் தள்ள வேண்டும், காலை அழுத்திக்கொள்ள வேண்டும். நேராகப் போவதற்கென்றே செய்த படகு அது. நாலு வகுப்புக்குப் பிறகு பிடிபட்டது. அந்தப் பையன் நல்ல ஆசிரியன் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

என்னைத் தூக்கிப் போட்டது முதல் வகுப்பின் முதல் பாடம். படகைக் கவிழ்க்கச் சொன்னான்! நிஜமாகவே, வேண்டுமென்றே, தலைகீழாக. உயிர்க்காப்பு அங்கியோடு தண்ணீருக்குள் தொங்கிக்கொண்டு, பதறாமல் காலை உருவிக்கொண்டு மேலே வர வேண்டும். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லையே பரிசலில் உட்கார்ந்து சொல்லக் கூடாது. கரையில் ஏறி, காய வைப்பதற்காகப் பரிசலைக் குப்புறப் போடும்போதுகூட அப்பா “சாத்தி வை” என்பாரே தவிர, கவிழ்த்து வை என்று ஒருநாளும் சொன்னதில்லை. அவர் கண்ணெதிரே ஆள் போயிருக்கிறது. எங்களிடம் காப்பு அங்கி கிடையாது, கவிழ்ந்தால் என்ன செய்வது என்ற பாடமும் கிடையாது. இங்கே அதிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். மூன்றாவது முறை கவிழ்ந்து மேலே வந்தபோது, இதை எங்கள் துறையில் யாராவது சொல்லிக் கொடுத்திருக்கக் கூடாதா என்று தொண்டை அடைத்தது.

இப்போது எனக்கு இந்த ஊர் பழகிவிட்டது. ஈசூனில் வீவக என்கிற அரசு அடுக்குமாடி வீடு, மகள் தொடக்கப்பள்ளியில். ஞாயிற்றுக்கிழமை தேக்கா மார்க்கெட்டில் ஆட்டுக்கறி எடுத்துக்கொண்டு வந்து, சாயங்காலம் பீஷான் பூங்காவில் நடப்போம். காலாங் ஆறு அங்கே முன்பு கான்கிரீட் கால்வாயாக ஓடியதாம். 2.7 கிலோமீட்டர் நேர்க்கால்வாயை உடைத்து, 3.2 கிலோமீட்டர் நெளிகிற ஆறாக 2012-இல் திறந்தார்கள். ஒரு ஆற்றுக்கு வளைவுகளைத் திருப்பிக் கொடுத்த ஊர் இது. கரையில் புல், நாணல், தண்ணீர் வரைக்கும் இறங்கிப் போகிற கற்கள். நீர்நாய்க் கூட்டம் ஒன்று மேலேறி மணலில் புரண்டு உடம்பைத் துடைத்துக்கொள்ளும். பிள்ளைகள் கூச்சல் போடும். காவிரியில் இருப்பதும் இதே வகை நீர்நாய்தான். எங்கள் ஊரில் வலையைக் கிழிக்கிற திருடன் என்று கல் எடுப்போம், இங்கே அதற்குப் பெயர் வைத்துப் படம் எடுக்கிறார்கள். நாங்கள் கல் எடுத்ததை மகளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

அந்தக் கற்களில் உட்கார்ந்தால் மட்டும் எனக்கு ஒரு குறை தலைதூக்கும். இந்த ஆற்றங்கரையில் எங்கேயும் ஒரு இரவு படுக்க முடியாது. கூடாரம் போட அனுமதிச் சீட்டுத் தருகிற பூங்காக்கள் உண்டு: கிழக்குக் கடற்கரை, பாசிர் ரிஸ், வெஸ்ட் கோஸ்ட். எல்லாம் கடல் ஓரம். நன்னீர் ஓரத்தில் படகை ஏற்றி வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே தூங்கி எழ ஒரு இடமும் இல்லை.

காரணம் தெரியாதவன் இல்லை நான். இந்தத் தீவின் மூன்றில் இரண்டு பங்கு நிலத்தில் விழுகிற மழை குடிநீருக்குத்தான் போய்ச் சேருகிறது. மொத்தம் 17 நீர்த்தேக்கங்கள். 2008-இல் மரினா அணைக்கட்டு வந்து கடலை அடைத்த பிறகு, சிங்கப்பூர் ஆறும் காலாங் படுகையும்கூடக் குடிநீர்த் தேக்கமாகிவிட்டன. அதற்கு முன்னால் 1977 முதல் 1987 வரை பத்து வருடம் அந்த ஆறுகளைத் துப்புரவு செய்தார்கள். 1983-இல் சிங்கப்பூர் ஆற்றிலிருந்த சுமார் 800 சரக்குப் படகுகளைப் பாசிர் பாஞ்சாங்கிற்கு அனுப்பினார்கள். 19-ஆம் நூற்றாண்டில் அந்த ஆற்றில் சரக்கு ஏற்றி இறக்கிய படகுக்காரர்களில் நம்மாட்கள் நிறைய. சூலியா என்று அழைக்கப்பட்ட தென்னிந்தியர்கள். ஆற்றுக்குப் பக்கத்தில் சூலியா தெரு இன்றும் இருக்கிறது. அந்தத் தெருவில் நடக்கும்போதெல்லாம் அவர்களில் யாராவது ஒருவர் படகிலேயே துண்டை விரித்துப் படுத்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். குழாயைத் திறந்து அப்படியே தண்ணீர் குடிக்கிறோம், அதற்கு அந்தப் படகுகள் போக வேண்டியிருந்தது. எனக்கு வழக்கில்லை. ஆனாலும் ராத்திரி படுத்தால் துறை ஞாபகம் வருகிறது.

துறை என்றால் ஒரு வேப்பமரம், இரண்டு முளைக்குச்சி, ஒரு டீக்கடை. பெயர்ப்பலகை கிடையாது. அதிசயம் என்னவென்றால் அந்தத் துறை ஒரு இடத்தில் நிற்காது. அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. தண்ணீர் நிறைந்து நிற்கும்போது துறை ஊருக்குப் பக்கத்தில். ஜூன் 12-இல் டெல்டாவுக்குத் திறந்துவிட்டு, மழை வராமல் போனால் கரை நாளுக்கு நாள் உள்ளே போகும். துறை அதன் பின்னாலேயே போகும். முளைக்குச்சி போகும், டீக்கடை அடுப்பைத் தூக்கிக்கொண்டு போகும். மீனவர்களின் கீற்றுக் குடிசையும் போகும். விட்டுப்போன ஈர மண்ணில் யாராவது ராகி விதைத்துவிடுவார்கள். மழை வந்து தண்ணீர் ஏறினால் எல்லாரும் மறுபடி மேலே வருவோம். மீன் பிடிக்க உரிமம் வேண்டும். படுக்க யாரையும் கேட்டதில்லை. மேலிருந்து பரிசலில் வருகிற ஆட்கள் இருட்டிவிட்டால் எங்கள் துறையில் ஏறுவார்கள். யார், எந்த ஊர் என்று கேட்பதற்கு முன்னால் அம்மா குழம்பில் தண்ணீர் சேர்த்திருப்பாள். கட்லாவோ ஜிலேபி மீனோ, அன்றைக்கு வலையில் விழுந்தது.

மழை வந்தால் பரிசல்தான் வீடு. குப்புறச் சாத்தி, ஒரு ஓரத்தைத் துடுப்பால் முட்டுக் கொடுத்து, உள்ளே நானும் அப்பாவும் கால் நீட்டிப் படுப்போம். தார் வாசமும் மீன் வாசமும். தலைக்கு ஒரு சாண் மேலே மழை அடிக்கும். ஓட்டி வந்த படகே கூரையாக இருக்கும்போது வருகிற தூக்கம், அதை எந்தக் கட்டிலிலும் நான் இதுவரை தூங்கவில்லை.

இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு மகள் பிடிவாதம் பிடித்ததால்தான் 2019 டிசம்பர் விடுமுறையில் சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவுக்குப் போனோம். சாங்கி முனையில் பன்னிரண்டு பேர் சேர்ந்தால் படகு கிளம்பும். எங்கள் மூன்று பேரோடு ஒன்பதுதான் ஆகியிருந்தது. இன்னும் மூன்று பேருக்காக மரப்பெஞ்சில் காத்திருந்தபோது, “இன்னும் ரெண்டு ஆளு, இன்னும் ரெண்டு ஆளு” என்று அப்பா துறையில் கூவுகிற குரல் அப்படியே கேட்டது. தீவின் வடக்கில் மாமாம் என்ற இடத்தில் கூடாரம் போட்டோம். வெறும் தரை, மரங்கள், எதிரே மலேசியாவைப் பிரிக்கிற ஜோகூர் நீரிணை. விளக்கு இல்லை. குடிக்கிற தண்ணீரை நாமே சுமந்து போக வேண்டும். மனைவி ஒரு முறை சுற்றிப் பார்த்துவிட்டு, “இதுக்கா இவ்வளவு தூரம்?” என்றாள். எனக்கோ ஏழெட்டு வருடமாக அடைத்திருந்த காது திறந்தது போல் இருந்தது.

பகலில் வழிகாட்டி ஒருவரோடு சதுப்புநிலக் காட்டுக்குள் கயாக்கில் போயிருந்தோம். கடல் ஏறியிருக்கும்போதுதான் அந்த ஓடைகளுக்குள் நுழைய முடியும், இறங்கிவிட்டால் சேறு. கண்டல் மரங்களின் வேர்கள் தண்ணீருக்குள் விரல் ஊன்றி நின்றன. மகள் முன்னால், நான் பின்னால். அவள் துடுப்பை முன்னால் நீட்டி வாரி இழுத்தாள். யாரும் சொல்லித் தரவில்லை. படகு மூக்கைத் திருப்பியது. நான் திருத்தவில்லை.

சாயங்காலம் ஒரு காட்டுப்பன்றி வந்து எங்கள் ரொட்டிப் பொட்டலத்தை வாயில் கவ்விக்கொண்டு, அவசரமே இல்லாமல் நடந்து போனது. மிஞ்சியது மாமியார் ஊரிலிருந்து அனுப்பிய முறுக்கு. அதையே மூன்று பேரும் சாப்பிட்டோம். இருட்டிய பிறகு பார்த்தேன், மதியம் நான் நின்றிருந்த மணல் தண்ணீருக்குள் போய்விட்டிருந்தது. நீரிணையில் கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்குகிறது, சில நாள் 3 மீட்டர் வரைக்கும். எங்கள் ஊரில் மாதக்கணக்கில் நடப்பது இங்கே பகலுக்கும் இரவுக்கும் நடுவில் நடந்துவிடுகிறது.

பத்து மணிக்குக் கைபேசி மலேசியக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு வரவேற்புச் செய்தி அனுப்பியது. கட்டணம் என்ன ஆகும் என்று யோசிக்காமல் அப்பாவுக்கு அடித்தேன். ஊரில் ஏழரை. அவர் எப்போதும் நலம் விசாரிக்கிற ஆளில்லை. அணையின் மட்டத்தைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேசுவார். அன்றைக்கு நான் முந்திக்கொண்டு, தண்ணீர் ஓரம் வெட்டவெளியில் படுத்திருக்கிறோம், பேத்தியும் கூட இருக்கிறாள் என்று சொன்னேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

“தண்ணி எங்க நிக்குது சாமி?”

“பத்தடி தூரத்துல. ஏறிக்கிட்டே இருக்குதுப்பா. விடியறதுக்குள்ள எறங்கிரும்.”

“ஒரே ராத்திரிலயா?”

“ஒரே ராத்திரில.”

அவர் அதை நம்பியதாகத் தெரியவில்லை. பின்னாலே அம்மா என்னவென்று கேட்டாள். அவளுக்குப் பதில் சொல்லாமல் என்னிடம் சொன்னார்:

“அப்பன்னா பரிசலை இன்னும் மேல இழுத்துப் போட்டுச் சாத்தி வையி. புள்ளையை உள்பக்கமாப் படுக்க வை.”

பரிசல் இல்லை என்று நான் சொல்லவில்லை. சரிப்பா என்றேன். எழுந்துபோய்க் கூடாரத்தின் முளைகளைப் பிடுங்கி, ஐந்தாறு அடி மேலே தள்ளி அடித்தேன். மகளைத் தூக்கி உள்பக்கமாகப் படுக்க வைத்தேன்.