நானும் இப்படித்தான் இருந்தேன் மிஸ்

மூன்றாம் வகுப்புப் பையன். கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கில் 5-ஐ அடித்து மேலே 4 என்று எழுதியிருப்பான், அதோடு விட்டிருப்பான், பக்கம் முழுக்க இதே கதை. எழுப்பிக் கேட்டால் விடையைச் சரியாகச் சொல்வான். நோட்டை அவன் அப்பாவிடம் காட்டி, ஏடிஹெச்டி, அதாவது கவனம் நிலைக்காத, துறுதுறுப்பு அடங்காத குறைபாடு, இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடலாமே சார் என்றேன். "நானும் இப்படித்தான் இருந்தேன் மிஸ், இப்ப நல்லாத்தானே இருக்கேன்" என்றார்.

ஆமாம் என்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். இல்லை என்றால், லேத் பட்டறையில் உழைத்துக் குடும்பத்தை நிமிர்த்திய மனிதரை முகத்துக்கு நேரே குறை சொன்ன மாதிரி. ஏடிஹெச்டி பெரும்பாலும் குடும்பத்தில் வழிவழியாக வருவது. 'அப்பனை மாதிரியே' என்று எதைச் சொல்லி வீட்டில் தட்டிக்கழிக்கிறார்களோ, அதைத்தான் மருத்துவர் கேட்டுக் குறித்துக்கொள்வார். இதைச் சொன்னால் மகனுக்காக வந்தவருக்கே நோய்ப் பெயர் சூட்டியதாகிவிடுமே என்று, "உங்களுக்குப் பள்ளிக்கூடம் பிடிச்சிருந்துச்சா சார்?" என்று மட்டும் கேட்டேன். நோட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தவர், "தினமும் வெளியேதான் முட்டி போட்டிருப்பேன், எட்டாவதோட நின்னுட்டேன்" என்றார்.

கேட்டது சரிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அப்புறம் பார்த்தால், ஆறாத புண்ணைத் தொட்டுத்தான் அவரைச் சம்மதிக்க வைத்தேனோ என்றும் இருக்கிறது. நெரிசலான வகுப்பு, அலுப்பூட்டும் பாடம், இதில் நெளியாத பிள்ளை எங்கே இருக்கிறது, நெளிகிறவனையெல்லாம் மருத்துவரிடம் அனுப்ப நான் யார்? ஆனால் அதற்காகத்தானே மருத்துவர்கள் பள்ளியை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. வீட்டிலும் இருக்கிறதா, ஆறு மாதமாவது நீடிக்கிறதா, 12 வயதுக்கு முன்பே தொடங்கியதா என்று விசாரிக்கிறார்கள், காது, கண், தூக்கமெல்லாம் சரியா என்றும் பார்க்கிறார்கள். ரத்தப் பரிசோதனையிலோ ஸ்கேனிலோ தெரிகிற விஷயமில்லை இது. பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றும் சொல்லலாம். மாத்திரை வேண்டுமா என்பது அதற்கும் அப்புறம் வருகிற பேச்சு. பெற்றோர் பயப்படுவதோ முதல் நாளே மாத்திரைதான் என்று.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றில் பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளைப் பார்க்கவென்று இடையீட்டு சேவை மையம் இருக்கிறது, செலவில்லை என்றேன். "மாற்றுத்திறனாளி கார்டு குடுத்துடுவாங்களா மிஸ்?" என்று கேட்டார். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகை மாற்றுத்திறன்களில் ஏடிஹெச்டி தனியாக இல்லை, அப்படி எதுவும் ஒட்டிவிட மாட்டார்கள் என்றேன். அவர் முகம் தெளிந்தது. எனக்குத்தான் உறுத்தியது, ஏனென்றால் பட்டியலில் இல்லாததால் கிடைக்காமல் போகிற உதவியும் உண்டு, அதை அன்றைக்கு நான் சொல்லவில்லை.

போன வாரம் மருத்துவமனையில் கொடுத்த வினாத்தாளைக் கொண்டுவந்தார். ஆசிரியர் நிரப்ப வேண்டியது. சொன்னதைக் கவனிப்பதில்லை: எப்போதாவது, அடிக்கடி, மிக அடிக்கடி. பாதி நிரப்பிவிட்டேன். மீதியை அவன் மேல் எனக்குக் கோபம் வராத ஒரு நாளில் குறிக்கலாம் என்று வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் வேண்டுமாம்.