நாவலப்பிட்டிக்காரி ஏற்றிய சூடம்

இலங்கையில் இருந்தவரை, சினிமாக்காரர் ஒருவர் இறந்தால் எங்களுக்கு அது வானொலிச் செய்தி. 1981 அக்டோபரில் கண்ணதாசன் சிகாகோவில் காலமானபோது, நாவலப்பிட்டிக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒரு வானொலிப் பெட்டியைச் சுற்றிப் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தோம். அவர் பாட்டுகளைப் போட்டார்கள், கேட்டோம். பெண்கள் சிலர் மூக்கைச் சிந்தினார்கள். மறுநாள் விடிந்ததும் எல்லாரும், வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் நின்றோம். அதற்கு மேல் துக்கம் கொண்டாட எங்களுக்கு நேரமும் இல்லை, வழக்கமும் இல்லை.

அடுத்த ஆண்டு தலைமன்னாரில் கப்பல் ஏறினோம். இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழர்களை இரு நாடுகளும் பங்கிட்டுக்கொள்ள, 1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் எங்கள் குடும்பம் இந்தியாவின் பங்குக்கு விழுந்திருந்தது. மண்டபம் முகாமில், பூர்வீகம் எது என்று கேட்டார்கள். கொள்ளுத்தாத்தா சேலம் ஜில்லாவிலிருந்து போனவர் என்பது மட்டும் அப்பாவுக்குத் தெரியும். எந்த ஊர், எந்தத் தெரு என்று சொல்ல ஆள் இல்லை. சேலம் என்றே எழுதிக்கொண்டார்கள். அப்படித்தான் ஏற்காட்டுக் காப்பித் தோட்டம் ஒன்றுக்கு வந்து சேர்ந்தோம்.

மலை, பனி, குளிர் எல்லாம் பழகியவைதான். வேலைதான் பிடிபடவில்லை. தேயிலையில் ஆண்டு முழுக்கக் கொழுந்து வரும். கை கண்ணைக் கேட்காமலே கிள்ளிக்கொண்டு போகும். காப்பியில் நவம்பர் வாக்கில்தான் பழம் சிவக்கும். ஒரே கொத்தில் நான்கு பழுத்திருக்கும், மூன்று காயாக இருக்கும். காயை விட்டுப் பழத்தை மட்டும் எடுக்க வேண்டும். அம்மாவின் வேகமான கை காயையும் சேர்த்து உருவிவிடும், மேஸ்திரி சத்தம் போடுவார். தண்ணீர்க் குழாயில் எங்கள் குடம் எப்போதும் கடைசி. "சிலோன்காரர்கள்" என்று தனியாகத்தான் சொல்வார்கள். பகை என்று சொல்ல முடியாது, ஒட்டவில்லை, அவ்வளவுதான்.

எங்களிடம் அவர்களுக்குப் பிடித்த ஒன்று உண்டென்றால் அது இலங்கை வானொலி. பொங்கும் பூம்புனல், இசையும் கதையும், பாட்டுக்குப் பாட்டு எல்லாம் அவர்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. டீக்கடையில் அப்பாவைப் பிடித்துக்கொண்டு, "கே.எஸ். ராஜாவைப் பார்த்திருக்கிறீர்களா? அப்துல் ஹமீது எப்படி இருப்பார்?" என்று அதன் அறிவிப்பாளர்களைப் பற்றித் துருவுவார்கள். அப்பா கொழும்பைக் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும், "பார்க்காமல் என்ன, தங்கமான மனிதர்கள்" என்று சொல்லிவிட்டு, வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வருவார்.

1987 டிசம்பர் 24, வியாழக்கிழமை. அதிகாலையில் எம்.ஜி.ஆர். இறந்துவிட்டார் என்ற செய்தி மலைக்கு வந்து சேர்ந்தபோது பழம் எடுக்க ஆட்கள் போயிருந்தார்கள். பாதிக் கூடையோடு திரும்பினார்கள். தோல் உரிக்கும் கொட்டகையில் எனக்கு வேலை. பழத்தை எடுத்த அன்றே இயந்திரத்தில் போட்டாக வேண்டும். அன்று இயந்திரத்தை ஓட்ட ஒருவரும் வரவில்லை. மறுநாள் சாக்கைத் தொட்டால் உள்ளே சூடு. வாயைப் பிரித்ததும் புளித்த கள் வாடை முகத்தில் அடித்தது. கணக்குப் பார்க்கும் ரைட்டர், முதலாளியை மனத்தில் நினைத்தபடி, அந்தச் சாக்குகளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவரும் எம்.ஜி.ஆர். ரசிகர்தான்.

கீழே சேலத்துக்குப் பஸ் இல்லை. கடைகள் அடைத்துவிட்டார்கள். லயத்து முனையில் பந்தல் போட்டு, நாற்காலியில் படத்தை வைத்து, சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். சொந்த அண்ணன் இறந்தால் என்ன சொல்லி அழுவார்களோ அதையே சொல்லி அழுதார்கள். நாங்கள் ஓரமாக நின்றுகொண்டிருந்தோம். யாரோ ஒருவருக்கு, அவர் பிறந்தது கண்டிப் பக்கம் நாவலப்பிட்டியில் என்பது அப்போது நினைவுக்கு வந்தது. மேஸ்திரி நேரே அம்மாவிடம் வந்தார்.

"அக்கா, நீங்கள் அவர் பிறந்த ஊர். முதல் சூடம் நீங்கள்தான் ஏற்ற வேண்டும்."

அம்மா நடுங்கிப்போய் அப்பாவைப் பார்த்தார். அப்பாவோ ஊறிய சிவாஜி ரசிகர். "குழந்தையாக இருக்கும்போதே கும்பகோணம் வந்துவிட்டவரப்பா அவர்" என்று மெல்ல இழுத்தார். மேஸ்திரி விடவில்லை. "இருக்கட்டும் மாமா. தொப்புள்கொடி அங்கேதானே விழுந்தது?" அம்மா சூடம் ஏற்றினார். அதன் பிறகு அவரை நடுவில் உட்கார வைத்துக்கொண்டு அழுதார்கள்.

பதினாறாம் நாள் சோறு போட்டார்கள். இளைஞர்கள் வரிசையாக மொட்டை அடித்துக்கொண்டார்கள், நானும்தான். அப்பா மாட்டேன் என்றார். "சிவாஜி ரசிகரென்றால் என்ன மாமா, பங்காளி வீட்டுச் சாவில்லையா?" என்று கேட்டுப் பார்த்தார் மேஸ்திரி. அப்பா தலையைக் கொடுக்கவில்லை. சோற்றுக்கு மட்டும் உட்கார்ந்தார். சென்னையில் கடைகளைச் சூறையாடியதும், சிலர் உயிரையே மாய்த்துக்கொண்டதும் பேப்பரில் வந்தன. அந்த வெறியை அன்றும் என்னால் ஏற்க முடியவில்லை, இன்றும் முடியவில்லை. ஆனால் எங்கள் குடம் கடைசியில் நின்றது அந்த மார்கழியோடு முடிந்தது. அம்மாவுக்குக் காயையும் பழத்தையும் பிரித்து எடுக்கப் பக்கத்து வரிசைப் பெண் சொல்லிக்கொடுத்ததும் அந்தப் பருவத்தில்தான்.

சிவாஜி இறந்தது 2001 ஜூலை 21, சனிக்கிழமை இரவு. அதற்குள் வீட்டுக்கு வீடு டி.வி. வந்திருந்தது. அவரவர் வீட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டார்கள். பந்தல் ஒன்றும் போடவில்லை. அப்பா ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சாப்பிடாமல், பெசன்ட் நகரில் தகனம் முடியும்வரை பெட்டியை விட்டு நகரவில்லை. பொழுது சாய்ந்த பிறகு மேஸ்திரி வந்தார், கூடவே பழைய எம்.ஜி.ஆர். மன்றத்து ஆட்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒன்றும் பேசாமல், துக்க வீட்டில் உட்காருவதுபோல் வரிசையாகத் தரையில் உட்கார்ந்தார்கள்.

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு மேஸ்திரியின் தலையைப் பார்த்தார். "மொட்டை அடிக்காமல் வந்துவிட்டாயே?"

"இருக்கிறதே நாலு முடி மாமா!"

அம்மா காப்பி கொண்டுவந்தார். பேச்சு எப்படியோ சேலத்துப் பழைய சினிமா ஸ்டூடியோவான மாடர்ன் தியேட்டர்ஸ் பக்கம் போனது. மலையிலிருந்து சேலத்துக்கு இறங்கும்போதெல்லாம் ஏற்காடு சாலையில் அதன் வளைவைப் பார்த்துக்கொண்டுதானே போகிறோம். எங்கள் தலைவர் 1950-லேயே அங்கே மந்திரிகுமாரியில் நடித்துவிட்டார், உங்கள் ஆள் திரும்பிப்பாருக்காக 1953-ல்தான் வந்தார் என்று மன்றத்துக்காரர் ஒருவர் ஆரம்பித்தார். அப்பா அதுவரை தொடாமல் வைத்திருந்த காப்பியை எடுத்து ஒரே மடக்கில் குடித்துவிட்டு, சண்டைக்குத் தயாராகச் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.