வராளியில் எழுந்து போகிறவன்

திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனைக்கு வருஷம் தவறாமல் போகிறேன் என்று சொன்னால் என்னைச் சங்கீத ரசிகன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நானும் மறுப்பதில்லை. பகுள பஞ்சமி அன்று காலை, காவிரிக் கரைப் பந்தலில் பஞ்சரத்ன கீர்த்தனைகள் நாட்டை ராகத்தில் ஆரம்பிக்கும். கௌளை, ஆரபி வரைக்கும் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வராளி வந்ததும் எழுந்துவிடுவேன். ஐந்தாவதான ஸ்ரீராகம் முடிந்தால் மொத்தக் கூட்டமும் மிட்டாய்க் கடைப் பக்கம் திரும்பிவிடும். அப்புறம் சூடான அசோகாவுக்கு அரைமணி நேரம் நிற்க வேண்டும்.

அசோகா என்பது திருவையாற்று அல்வா. பாசிப்பருப்பு, கோதுமை மாவு, ஜீனி, நெய், அவ்வளவுதான். சாலையோரம் மரம் நட்ட சக்கரவர்த்திக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். தஞ்சாவூர்ப் பக்கம் கல்யாண இலையில் இது விழாவிட்டால் பெண்வீட்டாரைப் பற்றி ஒரு தலைமுறைக்குப் பேசுவார்கள்.

எல்லோரும்தான் செய்கிறார்கள். ஆனால் அந்த ஒரு கடையின் அசோகா மட்டும் ஏன் நாக்கில் வைத்தவுடன் காணாமல் போகிறது? இதுதான் போன மே மாதம் என் தூக்கத்தைக் கெடுத்த கேள்வி.

முதலில் என் சொந்த மூளையை நம்பினேன். பருப்பை ஊறவைத்து மிக்ஸியில் வெண்ணெய்யாக அரைத்துக் கிண்டினேன். கரண்டியை விட்டு இறங்க மாட்டேன் என்று பிடித்துக்கொண்டது. மனைவி எட்டிப் பார்த்து, “திருவாதிரைக் களியா? அது மார்கழியிலல்ல செய்வாங்க?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

சரி, மூலத்துக்கே போவோம் என்று பஸ் ஏறினேன். தஞ்சாவூரிலிருந்து வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறு தாண்டினால் திருவையாறு. கல்லாவில் இருந்தவரிடம் நைசாகப் பேச்சுக் கொடுத்தேன். “ஒண்ணும் இல்ல சார். பருப்பு, மாவு, ஜீனி, நெய். மிச்சமெல்லாம் கைப்பக்குவம்” என்றார். பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தவர் குரலைத் தாழ்த்தி, “எல்லாம் காவிரித் தண்ணி செய்யற வேலை சார்” என்றார். அவர் முதுகுக்குப் பின்னால் இருபது லிட்டர் தண்ணீர் கேன் மூன்று அடுக்கியிருந்தது. மேட்டூரில் வழக்கமாகத் தண்ணீர் திறப்பதே ஜூன் 12ஆம் தேதிதான். நான் பாலத்தைத் தாண்டி வந்தபோது காவிரிக்குள் பையன்கள் ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். சொல்லவில்லை. கால் கிலோ வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

அப்புறம்தான் ஒருவர் துப்புக் கொடுத்தார். திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு கிராமத்தில், அந்தக் காலத்தில் பெரிய கடைகளில் எல்லாம் சரக்கு மாஸ்டராக இருந்தவர் ஓய்வில் இருக்கிறாராம். வெறுங்கையோடு போகக்கூடாது என்று கும்பகோணம் கொழுந்து வெற்றிலையும் சீவலும் வாங்கிக்கொண்டு போனேன். திண்ணையில் உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசினார். கோட்டை அடுப்பு, புளிய விறகு, 1984ல் நடந்த ஒரு கல்யாணத்துக்கு எத்தனை பூசணிக்காய் வெட்டினார் என்பது வரைக்கும் வந்தது. அசோகா மட்டும் வரவில்லை. வெற்றிலை பாதி தீர்ந்த பிறகு, “எழுதிக்கங்க தம்பி” என்றார்.

“ஐந்நூறு பேருக்கு எட்டுக் கிலோ பருப்பு, மூணு கிலோ மாவு, இருபது கிலோ ஜீனி, எட்டுக் கிலோ நெய்.”

“நாலு பேருக்குன்னா, மாஸ்டர்?”

“நாலு பேருக்கு எதுக்குத் தம்பி அடுப்பு பத்தவைக்கணும்? கடையில வாங்கிக்கங்க.”

வீட்டுக்கு வந்து 125ஆல் வகுத்தேன். பருப்பு 64 கிராம், மாவு 24, ஜீனி 160, நெய் 64. மனைவி சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, “எட்டுப் பவுன் பருப்பு, மூணு பவுன் மாவு, இருபது பவுன் ஜீனி. எந்த வீட்டுச் சம்பந்தம் இது?” என்றாள்.

மாஸ்டர் சொன்னபடியே செய்தேன். சுருண்டு வரட்டும், சட்டியில் ஒட்டாமல் வரட்டும் என்று மைசூர்பாக்குக் கிண்டுவதுபோல் விடாமல் கிண்டினேன். சூட்டோடு சாப்பிட்டபோது பிரமாதம். காலையில் கிண்ணத்தைக் கவிழ்த்தேன், விழவில்லை. தோசைத் திருப்பியால் நெம்பி எடுத்து வில்லை வில்லையாக வெட்டினோம். பக்கத்து வீட்டு அம்மா, “பர்பி நல்லா வந்திருக்கே” என்று பாராட்டினார்.

திருவாரூரில் ஒரு நிச்சயதார்த்தத்தில் இந்தச் சோகத்தை என் மச்சினனிடம் கொட்டினேன். அவன் பேசாமல் பர்ஸைத் திறந்து நாலாக மடித்த ஒரு சீட்டை எடுத்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதே மாஸ்டரிடம், அதே வெற்றிலையோடு போயிருக்கிறான்! அவன் சீட்டில், “இட்லி மாவு பதத்தில் கரண்டியிலிருந்து விழும்போதே இறக்கிவிடவும், ஆற ஆற இறுகும்” என்று தெளிவாக இருந்தது. எனக்கு இந்த வரியை அவர் சொல்லவே இல்லை. ஆனால் பருப்பு வேகும்போதே ஜீனியைப் போடும்படி அவனுக்குச் சொல்லியிருக்கிறார். ஜீனி விழுந்த பிறகு பருப்பு எங்கே குழைவது? அவன் வீட்டில் அசோகாவை மென்று தின்றிருக்கிறார்கள்.

“வயசாயிடுச்சு, மறந்திருப்பார் அத்தான்” என்றான் மச்சினன். 1984ஆம் வருஷத்துப் பூசணிக்காயை மறக்காதவரா?

பந்தி முடிந்த மேஜையில் இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒன்றாக்கினோம். அதன்படிதான் மூன்றாம் முறை. பருப்பை வாசனை வரும்வரை மட்டும் வறுத்து, குழைய வேகவைத்து, மிக்ஸி பக்கமே போகாமல் மத்தால் மசித்துக்கொண்டேன். கோதுமை மாவைத் தனியாக நெய்யில் பச்சை வாசனை போக வறுத்து, அதில் பருப்பைச் சேர்த்துக் கட்டியில்லாமல் கிளறியாயிற்று. அதற்கப்புறம்தான் ஜீனி. ஜீனி விழுந்ததும் எல்லாம் இளகிப் பாயசம் மாதிரி ஆகிவிடும். அங்கேதான் கை தானாக மாவு டப்பாவுக்குப் போகும், போகக்கூடாது. பொறுமையாகக் கிண்டி, மிச்ச நெய்யை மூன்று தவணையாக விட்டு, கேசரிப் பவுடர் ஒரு சிட்டிகை, ஏலக்காய், வறுத்த முந்திரி. இன்னும் கொஞ்சம் கெட்டியாகட்டுமே என்று மனசு கெஞ்சும்போது அடுப்பை அணைத்துவிட்டேன்.

மறுநாள் காலையிலும் கரண்டியில் வழுக்கியது. மனைவி ஒரு வாய் சாப்பிட்டாள். ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோய்க் குப்பைக் கூடையைக் கிளறினாள். திருவையாற்றுக் கடை டப்பா இருக்கிறதா என்று தேடியிருக்கிறாள். இருபத்தாறு வருஷ தாம்பத்தியத்தில் எனக்குக் கிடைத்த பெரிய விருது அது.

செய்தி மன்னார்குடி வரைக்கும் போய்விட்டது. மச்சினி போன் செய்து செய்முறை கேட்டாள். பருப்பு, மாவு, ஜீனி போடும் நேரம், நெய்யின் மூன்று தவணை எல்லாம் நிதானமாகச் சொன்னேன். எழுதிக்கொண்டாள். இரண்டு நாள் கழித்து மறுபடியும் போன். மனைவி ஸ்பீக்கரில் போட்டாள்.

“அத்தான், ருசியெல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா காலையில பார்த்தா பர்பி மாதிரி ஆயிடுச்சு. ஏதாவது சொல்லாம விட்டுட்டீங்களா?”

மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நெய் எந்தக் கடையில வாங்கினே?” என்றேன்.