பால்வெட்டும் தூக்கமும்: எரிச்சல் கணக்கு

ஜூன் 4, குலசேகரம்
ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவரின் எரிச்சலுக்குத் தூக்கக் குறைவுதான் காரணமா என்று பார்க்க ஒரு நோட்டு. அதில் இரண்டே பத்தி. காலையில் எழுத வேண்டியது: படுத்த நேரம், எழுந்த நேரம், இடையில் எத்தனை முழிப்பு. குத்துமதிப்பு போதும், ராத்திரி கடிகாரத்தைப் பார்த்தால் அதுவே தூக்கத்தைக் கெடுக்கும். சாயங்காலம் எரிச்சலுக்கு 0 முதல் 10 வரை ஓர் எண். எழுந்தவுடன் போடக்கூடாது, முதல் அரைமணி நேரம் யாருக்கும் மந்தமாகத்தான் இருக்கும். வீட்டில் இருப்பவரும் தனியாக ஓர் எண் போடட்டும். எரிந்து விழுகிறவருக்குத் தான் எரிந்து விழுவது தெரியாது. ஊரே சள்ளை பண்ணுவதாகத்தான் தோன்றும். 14 நாள் எழுதினால்தான் ஏதாவது பிடிபடும்.

ஜூன் 7
வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும், அதனால் இரண்டரை மணிக்கே எழும்புகிறார்கள். பத்து மணிக்குப் படுத்தவருக்கு நாலரை மணி நேரம்தான் மிச்சம். ஆழ்ந்த தூக்கம் முன்பாதியிலேயே பெரும்பாலும் கிடைத்துவிடும். கனவுத்தூக்கம் பின்பாதியில்தான் நீளும்; வெட்டுப்படுவது அதுதான். 1997இல் அமெரிக்கத் தூக்க ஆய்வாளர் டேவிட் டிங்கஸின் குழு, ஏழு இரவுகள் தூக்கத்தைச் சராசரி 5 மணி நேரமாகக் குறைத்துப் பார்த்தது: நாளாக ஆக மனநிலை மோசமானது, அது தெளிய இரண்டு முழு இரவுத் தூக்கம் தேவைப்பட்டது. இங்கே அந்த ஐந்து மணி நேரம் வருஷக்கணக்கில் ஓடுகிறது.

ஜூன் 12
மழை. வெட்டுமிடம் நனையாமல் மரத்தில் பிளாஸ்டிக் கட்டாத தோட்டங்களில் வெட்டு இல்லை. மழைச் சத்தம் கேட்டுத் திரும்பப் படுத்த நாள்களை நோட்டில் வட்டமிட வேண்டும். முதல் நாளை வைத்து முடிவு கட்டாதீர்கள். தொடர்ந்து இரண்டு நாள் மழை பெய்தால் இரண்டாம் நாள் எரிச்சல் எண்ணைப் பாருங்கள். இறங்கியிருந்தால் நேரக் குறைவுதான் காரணமாக இருக்கும். ஏழெட்டு மணி நேரம் தூங்கியும் இறங்கவில்லை, பலத்த குறட்டை, இடையில் மூச்சு நின்று திணறல், காலையில் தலைவலி என்றால் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்ட வேண்டும். இப்படிப்பட்டவர் கடையில் தூக்க மாத்திரை வாங்கிப் போடுவது ஆபத்து, மூச்சுத்திணறல் கூடும். தைராய்டு, மனச்சோர்வும் இதே எரிச்சலைத் தரும்.

ஜூன் 15
கட்டஞ்சாயாவின் (பால் விடாத தேநீர்) காஃபின் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். எட்டு மணிக்குப் படுப்பவர் மதியச் சோற்றோடு சாயாவை நிறுத்தட்டும். "உறக்கம் வரத்தான் ஒரு குவார்ட்டர்" என்பார்கள். சீக்கிரம் கண் மூடும், பின்பாதி துண்டு துண்டாக உடையும்.

ஜூன் 16
படுக்கும் நேரத்தை ஒரேயடியாக முன்னால் தள்ளினால் புரண்டுகொண்டே கிடக்க வேண்டியதுதான். மூன்று நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னால் தள்ளினால் போதும். உறைந்த பாலை ரப்பர் ஷீட்டாக அடித்து முடித்ததும் மதியம் ஒன்றரை மணி நேரம் படுக்கலாம், இரண்டு மணிக்குள் எழும்ப வேண்டும். டிவி படுக்கும் அறையிலேயே இருந்தால் சீரியல்தான் முதல் எதிரி. பெட்டியை இடம் மாற்றுவது சண்டை போடுவதைவிடச் சுலபம்.