தாத்தாவோட மெடல் பார்: ரிப்பனை வச்சு ஆளைத் தேடின அனுபவம்

மியூனிக்ல நான் இருக்கிற பில்டிங்ல கீழ் வீட்டு அம்மாவுக்கு எண்பது தாண்டியாச்சு. அவங்க அம்மா வழித் தாத்தா முதல் உலகப்போர்ல இருந்தவர்ங்கறது மட்டும்தான் அவங்களுக்குத் தெரியும், எந்த ரெஜிமென்ட், எங்க போனார், என்ன ஆச்சு எதுவும் வீட்டுல யாரும் பேசினதே இல்லையாம். பீரோவை ஒழிக்கும்போது பழைய சிகரெட் டப்பாவுல அவரோட மெடல் பார் கிடைச்சிருக்கு, எனக்கு பழைய நாணயம், மெடல்னா உசுருன்னு தெரியும் அவங்களுக்கு, அதான் கொண்டு வந்து கொடுத்து "இதுல இருந்து அவரைப் பத்தி ஏதாவது தெரியுமா பாருப்பா"ங்கற மாதிரி கேட்டாங்க. தெரிஞ்சுது, நிறையவே தெரிஞ்சுது, அதான் எழுதறேன்.

மெடல் பார்னா என்னன்னா, யூனிஃபார்ம்ல நெஞ்சுல ஒவ்வொரு மெடலா குத்திக்காம எல்லாத்தையும் ஒரே தகட்டுல வரிசையா வச்சு ரிப்பனை மடிச்சுத் தச்சு, பின்னாடி கம்பளித் துணி ஒட்டி ஒரே ஊக்குல மாட்டிக்கிற மாதிரி செய்யறது. இந்த பார்ல ரிப்பன் நாலு, மெடல் மூணுதான். கடைசி ரிப்பன் காலியா தொங்குது.

முதல்ல ஒரு விஷயம், தயவுசெஞ்சு எதையும் தொடைக்காதீங்க, பாலிஷ் போடாதீங்க, தையலைப் பிரிக்காதீங்க. ரிப்பனோட அசல் கலர் முன்பக்கம் இருக்காது, நூறு வருஷத்துல வெள்ளை பழுப்பாயிருக்கும், நீலம் சாம்பலாயிருக்கும். மடிப்போட உள்பக்கம் டார்ச் அடிச்சுப் பார்த்தா வெளிச்சம் படாத இடத்துல கலர் அப்படியே இருக்கும். அப்புறம் இருட்டு ரூம்ல யூவி லைட் அடிச்சுப் பார்த்தேன், இந்தக் காலத்து நூலும் ரிப்பனும் சாயத்துல சேர்க்கிற பிரைட்னரால பளிச்சுனு நீலமா ஒளிரும், பழசு மங்கலாவே இருக்கும். இதுல எதுவும் ஒளிரல, தையல் நூல் உட்பட. அதனால பின்னாடி யாரோ சேர்த்துத் தச்சதா இருக்குமோங்கற சந்தேகம் பெருமளவுக்குப் போச்சு.

முதல் ரிப்பன் கறுப்பு, ரெண்டு ஓரத்துலயும் வெள்ளைக் கோடு, கீழ அயர்ன் கிராஸ் ரெண்டாம் வகுப்பு. முன்பக்கம் கிரீடம், டபிள்யூ, 1914, பின்பக்கம் ஓக் இலையும் 1813ங்கற வருஷமும், ஏன்னா இந்த விருதை பிரஷ்ய ராஜா (ஜெர்மன் ராஜ்யங்கள்ல பெருசு பிரஷ்யா) நெப்போலியனுக்கு எதிரான போர்ல 1813ல ஆரம்பிச்சார். நடுப்பகுதி இரும்பு, காந்தத்தைக் கிட்ட கொண்டு போனா இழுக்குது. இதே ரிப்பன் கலர் தலைகீழா, வெள்ளையில கறுப்புக் கோடா இருந்தா சண்டையில நேரடியா இல்லாதவங்களுக்குக் கொடுத்தது, அதனால எது அகலம் எது கோடுன்னு கவனிச்சுப் பாருங்க. ஆனா இந்த மெடல் ஐம்பது லட்சத்துக்கு மேல கொடுத்திருக்காங்க, இதை மட்டும் வச்சு ஆளைத் தேட முடியாது.

ரெண்டாவதுதான் எனக்கு வழி காட்டினது. வெள்ளை ரிப்பன், ஓரத்துல கறுப்பும் வெளிர் நீலமும். வெள்ளையும் நீலமும்னாலே மியூனிக் இருக்கிற பவேரியாவா இருக்கணும்னு தோணுச்சு. மெடலைத் திருப்பி லென்ஸ் வச்சுப் பார்த்தேன், வெண்கலச் சிலுவை, நடுவுல எல்ங்கற எழுத்து, சுத்தி மெரெண்டின்னு லத்தீன்ல, பின்னாடி சிங்கமும் 1866ம். நடுவுல குறுக்கா ரெண்டு வாள். பவேரிய ராணுவ மெரிட் கிராஸ், மூணாம் வகுப்பு, வாளோட. 1866 அது தொடங்கின வருஷம், இவருக்குக் கொடுத்த வருஷம் இல்ல. இதை ஆபீசருக்குக் கொடுக்க மாட்டாங்க, சாதாரண சிப்பாய்க்கும் கீழ்நிலை ஆட்களுக்கும்தான். வாள் இருந்தா போர்க்காலத்துல கிடைச்சது. ஒரே ஒரு ரிப்பன்ல இவர் பவேரிய ராணுவத்து ஆள், ஆபீசர் இல்லன்னு தெரிஞ்சு போச்சு. அப்போ ஜெர்மனி ஒரே பேரரசா இருந்தாலும் பவேரியா, சாக்சனி, வூர்ட்டம்பர்க்னு ஒவ்வொரு ராஜ்யமும் தனித்தனியா மெடல் கொடுத்துச்சு, ஹாம்பர்க், பிரெமன், லூபெக் மாதிரி நகரங்கள் கூட சொந்தமா சிகப்பு சிலுவை வச்சிருந்தாங்க, நடுவுல இருக்கிற ஊர்ச் சின்னம் வச்சுத்தான் பிரிக்கணும், ஹாம்பர்க்னா கோட்டை, பிரெமன்னா சாவி, லூபெக்னா ரெண்டு தலைக் கழுகு.

மூணாவதுல நிறைய பேர் குழம்பிடுவாங்க. கறுப்பு, வெள்ளை, சிகப்பு மூணும் இருக்கிறதால 1939 அயர்ன் கிராஸ் ரிப்பன்னு நினைச்சுக்குவாங்க. கோட்டை எண்ணிப் பாருங்க. 1939ல அஞ்சு பட்டை, நடுவுல அகலமா சிகப்பு, ரெண்டு பக்கமும் வெள்ளை, ஓரம் கறுப்பு. இதுல ஏழு பட்டை, ஓரத்துல கறுப்பு, வெள்ளை, மறுபடி கறுப்பு, நடுவுல சிகப்பு. அது ஜெர்மன் ஜனாதிபதி ஹிண்டன்பர்க் 1934 ஜூலையில அறிவிச்ச உலகப்போர் கௌரவ சிலுவை, வாள் இருந்தா முன்னணியில சண்டை போட்டவர், வாள் இல்லாதது மத்த போர்க்கால ஆட்களுக்கு, கறுப்பா இருக்கிறது இறந்தவங்களோட மனைவிக்கும் பெத்தவங்களுக்கும். இதுல வாள் இருக்கு. இதுல இருந்து இன்னொண்ணும் தெரியுது, இந்த பார் தச்சது 1934க்கு அப்புறம்தான்.

காலி ரிப்பன் வெறும் நீலம், பூ நீலம்னு சொல்ற அந்த கார்ன்ஃபிளவர் நிறம். நாஜி காலத்துல நீண்ட சேவைக்குக் கொடுத்ததுல பெரும்பாலானதுக்கு இந்த நீலம்தான், ராணுவத்துக்கும், போலீசுக்கும், அரசு ஊழியருக்கும். ராணுவ மெடலா இருந்தா ரிப்பன் மேல ஒரு குட்டிக் கழுகுச் சின்னத்தைக் குத்தியிருப்பாங்க. லென்ஸ்ல தேடினேன், குத்தின துளையே இல்ல. அப்பதான் அந்த அம்மாகிட்ட உங்க தாத்தா என்ன வேலை பார்த்தார்னு கேட்டேன், தபால்காரர்னாங்க. அப்ப 25 வருஷ அரசு சேவைக்கு 1938ல இருந்து கொடுத்த மெடலா இருக்கத்தான் அதிக வாய்ப்பு. அதுல நடுவுல ஸ்வஸ்திகா இருக்கும், மத்த மூணுலயும் கிடையாது. போர் முடிஞ்சதும் வீட்டுல யாரோ அதை மட்டும் கழட்டிப் போட்டிருக்கணும்னு நான் நினைக்கிறேன். கடையில ரெப்ளிகா வாங்கி மாட்டலாமான்னு அவங்க கேட்டாங்க, வேண்டாம்னு சொல்லிட்டேன். ஜெர்மனியில 1957 சட்டப்படி ஸ்வஸ்திகா இல்லாத மெடலைத்தான் போட்டுக்கவே முடியும், அதைவிட முக்கியம் அந்தக் காலி இடமும் அந்தக் குடும்பத்தோட வரலாறுதான், அதை நிரப்ப நமக்கு உரிமை இல்ல.

பவேரியான்னு தெரிஞ்சதுல பெரிய அதிர்ஷ்டம் என்னன்னா, பிரஷ்ய ராணுவத்தோட ஆள் பதிவேடுகள் 1945 ஏப்ரல்ல பாட்ஸ்டாம்ல குண்டு விழுந்து பெரும்பாலும் எரிஞ்சு போச்சு, பவேரியாவோடது மியூனிக் போர் ஆவணக் காப்பகத்துல இன்னும் பத்திரமா இருக்கு. ஸ்டாம்ரோல்னு சொல்ற அந்தப் பதிவேடுகளை ஆன்செஸ்ட்ரிங்கற வம்சாவளி வெப்சைட்ல ஸ்கேன் பண்ணிப் போட்டிருக்காங்க. பேரு, பிறந்த ஊர் வச்சுத் தேடினோம், ஒரே பேர்ல பல பேர் வந்தாங்க, பிறந்த தேதியும் தபால் வேலையும் ஒத்துப் போனது ஒருத்தருக்குத்தான். கையெழுத்து குரென்ட்ங்கற பழைய ஜெர்மன் எழுத்து, அதுல e எழுத்து பார்க்க n மாதிரியே தெரியும், எனக்கு ஒரு வரி படிக்கவே நேரமாச்சு. அந்த அம்மா அவங்க பாட்டி கடிதங்களைப் பார்த்துப் பழகினவங்க, கண்ணாடியைப் போட்டுக்கிட்டு விரலை வச்சு வச்சுப் படிச்சாங்க. லைப் ரெஜிமென்ட். மியூனிக்ல இருந்த பவேரிய ராஜாவோட காவல் படை. அல்பென்கோர்ங்கற மலைப் படைப் பிரிவுல சேர்ந்து 1915ல டோலமைட் மலை, அப்புறம் செர்பியா, 1916 ஜூன்ல பிரான்ஸ்ல வெர்டன் பக்கத்துல ஃபிளெரி, அப்புறம் ருமேனியா. ஃபிளெரிங்கற இடத்துல காயம்னு எழுதியிருந்துச்சு. அந்த வரியை அவங்க ரெண்டு தடவை படிச்சாங்க, காயத்துக்குக் கொடுக்கிற பேட்ஜ் பார்ல ஏன் இல்லன்னு கேட்டாங்க. அது ரிப்பன்ல தொங்கறது இல்ல, நேரா சட்டையில குத்திக்கிறது, முதல் வகுப்பு அயர்ன் கிராஸும் அப்படித்தான், அதனால பார்ல இல்லன்னா கிடைக்கலன்னு அர்த்தம் இல்லன்னு சொன்னேன்.

உங்க கையில இருக்கிறது பவேரியா இல்லாம பிரஷ்ய ஆளோட பார்னா வேற வழி எடுக்கணும். போர்க்காலத்துல வெளியிட்ட காயம், மரணப் பட்டியல்களை காம்ப்கென்ங்கற ஜெர்மன் வம்சாவளி ஆய்வு அமைப்பு இணையத்துல இலவசமாத் தேடற மாதிரி வச்சிருக்கு, பேர், ஊர் போட்டுப் பாருங்க, ஊர் பேர் பழைய ஸ்பெல்லிங்ல இருக்கும், ஒத்து வரலன்னா ஒண்ணு ரெண்டு எழுத்து மாத்திப் போட்டுப் பாருங்க. யார்கிட்டயாவது காட்டிக் கேக்கணும்னா முன்பக்கம், பின்பக்கம், ரிப்பன் மடிப்போட உள்பக்கம், பின்துணியில கடை லேபிள் இருந்தா அது, எல்லாத்தையும் பகல் வெளிச்சத்துல ஃபோட்டோ எடுத்து அனுப்புங்க, ஃபிளாஷ் வேண்டாம், ரிப்பன் கலர் ஃபிளாஷ்ல மாறித் தெரியும்.